ஸ்டுடியோவுக்கும் டிஜேவுக்கும் ஒரே ஹெட்போன் போதுமா? 'மூடிய' ஹெட்போன் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டு அறையில் ஒரு பாட்டு பதிவாகிறது. பாடகர் நன்றாகவே பாடியிருக்கிறார். மற்ற கருவிகளையெல்லாம் அணைத்துவிட்டு அவர் குரலை மட்டும் ஓடவிட்டால், வரிக்கும் வரிக்கும் நடுவில் இருக்கும் அமைதியில் 'டிக்... டிக்... டிக்' என்று ஒரு சத்தம். சுவர்க் கடிகாரம் இல்லை. தாளம் தப்பாமல் இருக்கப் பாடகரின் காதில் ஓடவிட்ட கிளிக் டிராக் அது. ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறியிருக்கிறது. குரலோடு ஒட்டிப் பதிவாகிவிட்டால் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

அதே நேரத்தில் அவிநாசி சாலையில் ஏதோ ஒரு மண்டபத்தில் கல்யாண ரிசப்ஷன். ஸ்பீக்கர் அலறுகிறது. வாசலில் ஜமாப் மேளம் வேறு. நடுவில் நிற்கும் டிஜே ஒரு காதை மூடி, மறு காதைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்த பாட்டின் முதல் அடி எங்கே விழுகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

முதலாமவருக்கு உள்ளே ஓடும் சத்தம் வெளியே போகக் கூடாது. இரண்டாமவருக்கு வெளியே இருக்கும் சத்தம் உள்ளே வரக் கூடாது. இரண்டுக்கும் தீர்வு 'குளோஸ்டு பேக்' எனப்படும் மூடிய வகை ஹெட்போன்தான். ஆகவே கடையில் போய், "ஏனுங்ணா, ரெண்டு வேலைக்கும் ஒண்ணே போதுங்களா?" என்று கேட்டால், "தாராளமா போதுங்க" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அவ்வளவு தாராளமாகச் சொல்லிவிட முடியாது.

மூடியது, திறந்தது: என்ன வித்தியாசம்?

ஹெட்போனுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அதிர்கிறது. முன்பக்கம் எழும் ஒலி காதுக்குப் போகிறது. அதே அளவு ஒலி பின்பக்கமும் எழுகிறது. திறந்த வகையில் கிண்ணத்தின் பின்புறம் சல்லடை போல இருக்கும். பின் ஒலி காற்றில் கலந்து போய்விடும். மூடிய வகையில் பின்புறம் அடைத்திருக்கும். அந்த ஒலி கிண்ணத்துக்குள்ளேயே சுற்றுகிறது.

இதனால் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் உண்டு. லாபம், கசிவு குறைவு. நஷ்டம், உள்ளே சுற்றும் ஒலியால் அடித்தொனி சற்று வீங்கி, சில மாடல்களில் டப்பாவுக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். சென்ஹைசர் எச்டி 600 போன்ற திறந்த வகையைப் பலர் மிக்ஸிங்குக்கு விரும்புவதும், பாடகர் மைக் முன் நிற்கும்போது மட்டும் மூடிய வகைக்கு மாறுவதும் இதனால்தான். 'எது நல்ல சவுண்டு?' என்று கேட்டால் திறந்த வகையே பல நேரம் ஜெயிக்கும். ஆனால் மூடிய ஹெட்போனிடம் நாம் முதலில் கேட்பது சவுண்டை அல்ல, சுவரை.

கோவைக்கு ஒலிப்பதிவு புதிதல்ல. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது. எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோவிலிருந்து 1954-ல் 'மலைக்கள்ளன்' வந்தது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ். பேசும் படத்தின் ஆரம்ப காலத்தில் நடிகரே கேமரா முன் பாட, வாத்தியக்காரர்கள் ஃபிரேமுக்கு வெளியே உட்கார்ந்து வாசிப்பார்கள். பாடுகிறவருக்கு இசை நேராகவே காதில் விழுந்தது. ஹெட்போன் ஒலிப்பதிவாளருக்கு மட்டும் தேவைப்பட்ட கருவி. இசையை முதலில் பதிந்து, குரலைத் தனியாக அதன் மேல் பதியும் முறை வந்த பிறகுதான் அது பாடகரின் தலைக்கு ஏறியது. இன்று சரவணம்பட்டியிலோ சோமனூரிலோ படுக்கையறையில் மைக்கும் லேப்டாப்பும் வைத்துப் பதிகிற இளைஞர்கள் அத்தனை பேரும் இந்த இரண்டாவது முறையில்தான் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குக் கசிவு தினசரிப் பிரச்சினை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தமோ, சமையலறைக் கிரைண்டர் சத்தமோ மைக்கில் ஏறுவதை எந்த ஹெட்போனும் தடுக்காது. "ஹெட்போன் மாத்தினா சத்தம் போயிருங்களா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போகாது. அதற்கு அறையைத்தான் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் தறி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பாடுகிறவர் காதில் என்ன நடக்கிறது?

பாடகரின் வாய்க்கும் மைக்குக்கும் சுமார் ஒரு சாண் தூரம். ஹெட்போனுக்கும் மைக்குக்கும் அதிகம் போனால் ஒன்றரைச் சாண். வீட்டு ஸ்டுடியோக்களில் அதிகம் புழங்கும் கண்டன்சர் மைக்கோ மூச்சுக்காற்றைக்கூட விடாமல் பிடிக்கும். ஒரு சின்ன இடுக்கு போதும், கிளிக் வெளியே வந்துவிடும்.

அந்த இடுக்கு எங்கே உருவாகிறது? மூக்குக் கண்ணாடியின் கால், காது குஷனைத் தூக்கிவிடும். ஜிமிக்கி, பெரிய தோடு போட்டிருந்தால் குஷன் சரியாக உட்காராது. போதாக்குறைக்குத் தலை அசையும்போதெல்லாம் ஜிமிக்கி கிண்ணத்தில் தட்டி 'கிணிங்' என்று மைக்கில் விழும். காதோரம் வைத்த பூ, தலைப்பாகை எல்லாம் இதே கணக்கு. பதிவுக்கு முன் "காதுல இருக்கறதைக் கொஞ்சம் கழட்டி வெச்சுக்குங்க அக்கா" என்று சொல்லிவிடுவது எந்த விலையுயர்ந்த ஹெட்போனையும் விடப் பயன் தரும்.

பழகிய பாடகர்கள் பலர் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு பாடுவார்கள். தன் குரல் வெளியே எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தால்தான் சுருதி நிற்கும் என்பது அவர்கள் அனுபவம். அது நியாயமும்கூட. ஆனால் திறந்துவிட்ட கிண்ணம் மைக்கைப் பார்த்து நின்றால் மொத்தக் கசிவும் அங்கிருந்துதான். அந்தக் கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தலையோடு அழுந்த வைக்கச் சொல்லலாம். அதைவிடச் சுலபம், அந்தப் பக்கத்துக்கு ஒலியே போகாமல் மென்பொருளில் அணைத்துவிடுவது.

ஹெட்போனே போட்டுப் பழகாத கலைஞர்கள் வரும்போது இன்னும் கவனம் வேண்டும். கொங்கு நாட்டில் வள்ளி கும்மி இன்று ஊர் ஊராக நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து ஆடும் கலையாகத் திரும்ப எழுந்திருக்கிறது. கோவை மாவட்டம் தாசம்பாளையத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. அந்தத் தலைமுறையின் குரல்களைப் பதிந்து வைக்க விரும்பும் பேரப்பிள்ளைகள் பலர். மைதானத்தில் ஆட்டக்காரர்களின் காலடித் தாளத்துக்கு நடுவில் பாடிய ஒரு பெரியவரை அழைத்துவந்து, இரண்டு காதையும் மூடி, 'டிக் டிக்' என்று ஒன்றைப் போட்டு, "பாடுங்க அப்பச்சி" என்றால் என்ன ஆகும்?

நீங்களே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஒரு வரி பாடிப் பாருங்கள். குரல் மண்டைக்குள் 'கும்' என்று கேட்கும். எலும்பு வழியாக வரும் ஒலி காதுக்குள் அடைபட்டுப் பெரிதாகிறது. மூடிய ஹெட்போனிலும் இதேதான் நடக்கிறது. பழகாதவர்கள் மிரண்டு குரலை அடக்குவார்கள், அல்லது சுருதி விலகுவார்கள். குறை அவரிடம் இல்லை. அவர் குரலையும் கொஞ்சம் எதிரொலி சேர்த்து அதே ஹெட்போனில் அவருக்குத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கிளிக்குக்குப் பதில் ஒரு பறையோ தவிலோ வாசித்த மாதிரித் தாளத்தைக் கொடுங்கள். அது மெல்லக் கசிந்தாலும் பாட்டோடு கரைந்துவிடும். 'பீப்' சத்தம் கரையாது.

குரலைத் திருப்பிக் கொடுக்கும்போது தாமதம் வரக் கூடாது. கணினிக்குள் போய்ச் சுற்றி வந்தால் சில மில்லி விநாடிகள் பிந்தும். தன் குரலே தன்னைத் துரத்துவது போலப் பாடகருக்குக் கேட்கும். பெரும்பாலான ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் 'டைரக்ட் மானிட்டர்' என்று ஒரு பொத்தான் அல்லது திருகு இருக்கும். மைக் ஒலியைக் கணினிக்குப் போகும் முன்பே ஹெட்போனுக்குத் திருப்பிவிடும். பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், எண்பது வயதுப் பாடகரிடம் இருபதாவது டேக் கேட்க முடியாது. முதல் இரண்டில் கிடைப்பதுதான் பதிவு. அதில் கிளிக் ஏறியிருந்தால், வீட்டில் அவர் குரல் அப்படியேதான் நிற்கும்.

பதிவுக்கு எந்த மாடல்?

சோனி எம்டிஆர்-7506. 1991-ல் வந்தது, இன்றும் விற்கிறது. 40 மி.மீ. டிரைவர், 63 ஓம், சுருள் வயர், மடித்து வைக்கலாம். மேல்தொனி கொஞ்சம் கூர்மை. அதனாலேயே உதட்டுச் சத்தம், மூச்சு, கிளிக் கசிவு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். பதிவு செய்கிறவர் போட்டுக்கொள்ள நல்ல ஹெட்போன். பாட்டை ரசிக்க வேண்டுமென்றால் வேறு பார்க்கலாம்.

பெயர்டைனமிக் டிடி 770 புரோ ஜெர்மனிக்காரர்களின் பழைய மாடல். வெல்வெட் போன்ற துணிக் குஷன் என்பதால் மணிக்கணக்கில் போட்டாலும் காது நோகாது. பாடகருக்கு, அதிலும் பெரியவர்களுக்கு, நான் முதலில் சொல்வது இதைத்தான். பலரும் வாங்கும் வகையில் வயரைக் கழற்ற முடியாது என்பது ஒரு குறை. யாராவது வயரில் கால் தடுக்கினால் சோல்டரிங் அயர்னை எடுக்க வேண்டியதுதான்.

இதில் 32, 80, 250 ஓம் என்று மூன்று வகை கிடைக்கிறது. "பெரிய நம்பர்தானே நல்லது?" என்று 250 எடுத்துவிடாதீர்கள். லேப்டாப்பிலோ சின்ன இன்டர்ஃபேஸிலோ செருகினால் சத்தம் போதாமல் திணறும். அதை முழு ஒலியில் ஓட்டத் தனி ஆம்ப்ளிஃபையரோ, நல்ல வெளியீடு உள்ள இன்டர்ஃபேஸோ வேண்டும். சாதாரண வீட்டு ஸ்டுடியோவுக்கு 80 போதும், போன், லேப்டாப் என்றால் 32.

கோரஸ் பதிவுக்கு நாலைந்து ஹெட்போன் வாங்குகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே மாடலாக வாங்குவது நல்லது. வேறு வேறு மாடலை ஒரே வெளியீட்டிலிருந்து பிரித்துக் கொடுத்தால் ஒருவருக்கு அலறும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கவே கேட்காது. கேட்காதவர் "கொஞ்சம் ஏத்துங்க" என்பார். ஏற்றினால் அலறுகிறவரிடமிருந்து கசியும்.

டிஜே மேடையின் கணக்கே வேறு

டிஜே ஹெட்போனில் கேட்பது மண்டபத்தில் ஓடும் பாட்டை அல்ல, அடுத்து வரப்போகும் பாட்டை. இதற்கு 'கியூ' என்று பெயர். ஒரு காதில் கூட்டத்தின் பாட்டு, மறு காதில் அடுத்த பாட்டு. இரண்டின் அடியும் ஒன்றாக விழும்படி சேர்த்து, சரியான இடத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்கு நழுவ வேண்டும்.

ஆகவே இங்கே வேண்டியது தெளிவைவிட முதலில் தடுப்பும் உறுதியும். கிண்ணம் ஒன்றைப் பின்னால் திருப்பத் தெரிய வேண்டும். நாலு மணி நேரத்தில் நூறு முறை கழுத்துக்கு இறக்கி மீண்டும் ஏற்றினாலும் உடையக் கூடாது.

சென்ஹைசர் எச்டி 25 இந்த வேலையில் பெயர் வாங்கியது. 1980-களின் இறுதியில், வெளியிடத்தில் வேலை செய்யும் ஒலிபரப்புக்காரர்களுக்காக வந்தது. எடை சுமார் 140 கிராம், 70 ஓம். காதை முழுக்கச் சூழாமல் காதின் மேலேயே அழுந்தி உட்காரும், பிடிமானம் கெட்டி. தலைப்பட்டை இரண்டாகப் பிரியும். வயர், குஷன், டிரைவர் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். ரிசப்ஷன் நடுவில் வயர் போனால் பையில் இருக்கும் உபரி வயரைச் செருகிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். அதே ஹெட்போனை ஒரு பாடகர் தலையில் மூன்று மணி நேரம் மாட்டினால் காது சிவந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பயனியரின் எச்டிஜே வரிசையில் காதைச் சூழும் வகை உண்டு. நீண்ட நிகழ்ச்சிக்கு அது சுகம்.

மூடிய ஹெட்போன் எல்லாச் சத்தத்தையும் தடுத்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். மேல்தொனியை நன்றாகத் தடுக்கும். பேஸைத் தடுக்காது. 60 ஹெர்ட்ஸ் அடித்தொனியின் அலை நீளம் கிட்டத்தட்ட 5.7 மீட்டர். இரண்டு செ.மீ. பிளாஸ்டிக்கும் ஸ்பாஞ்சும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. போதாததற்கு மேடை வழியாக உடம்புக்குள்ளும் ஏறுகிறது. ஆகவே மண்டபத்தில் கிக் டிரம்மின் 'தும்'மைத் தேடாதீர்கள். அதன் முனையில் வரும் 'டக்'கையும், ஹை-ஹாட்டையும் பிடியுங்கள். கடையில் டிஜே ஹெட்போனைச் சோதிக்கும்போதும் பேஸ் எவ்வளவு குலுங்குகிறது என்று பார்ப்பதைவிட இந்த 'டக்' துல்லியமாகக் கேட்கிறதா என்று பாருங்கள்.

புளூடூத் ஹெட்போன் கியூவுக்கு ஆகாது. சாதாரண புளூடூத்தில் 100 முதல் 200 மில்லி விநாடி தாமதம் சகஜம். நிமிடத்துக்கு 128 அடி ஓடும் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே 469 மில்லி விநாடிதான். 200 பிந்தினால் கிட்டத்தட்ட அரை அடி தப்புகிறது. விமானத்தில் உதவும் 'நாய்ஸ் கேன்சலிங்' வசதியும் இங்கே கைகொடுக்காது. ஒரே சீராக வரும் இரைச்சலுக்குத்தான் அது லாயக்கு.

ஹெட்போனால் தீராத ஒரு தாமதமும் உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பெரிய ஸ்பீக்கர் உங்களிடமிருந்து 17 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் சத்தம் 50 மில்லி விநாடி பிந்தித்தான் காதுக்கு வரும். அதைக் கேட்டு அடி சேர்த்தால் தப்பும். மண்டபக்காரரிடமோ சவுண்டு சர்வீஸ்காரரிடமோ சொல்லி, பக்கத்திலேயே ஒரு சின்ன மானிட்டர் ஸ்பீக்கரை வைக்கச் சொல்லிவிடுங்கள். "எதுக்குங்க தம்பி, அதான் அவ்ளோ பெருசு நிக்குதே" என்பார்கள். விடாமல் கேளுங்கள்.

காது கெட்டால் மாற்றுக் காது கிடையாது

டிஜேக்கள் ஹெட்போனை மண்டபச் சத்தத்துக்கு மேலே ஏற்றி வைத்துத்தான் கேட்கிறார்கள். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நையோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 88 என்றால் 4 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம், 100 என்றால் வெறும் 15 நிமிடம். முகூர்த்த மாதத்தில் வாரம் மூன்று நிகழ்ச்சி, ஒவ்வொன்றும் நாலு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போகும்போது காதில் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் நிற்கிறதா? பழகிப்போச்சு என்று விடக் கூடாது. அது காது தரும் எச்சரிக்கை. தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்புத் திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நுண்ணிய கேள்வி செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

தடுப்புத் திறனுக்குக் காசு கொடுப்பதன் உண்மையான காரணம் இதுதான் என்பேன். சென்ஹைசர் எச்டி 280 புரோ போன்ற மாடல் 32 டெசிபல் வரை வெளிச் சத்தத்தைக் குறைக்கும் என்கிறது நிறுவனம். மேல்தொனியில் அவ்வளவு, பேஸில் அதைவிடக் குறைவு. பாதி கிடைத்தாலும் ஒலியளவை அந்தளவு இறக்கி வைக்கலாம். கியூ பார்க்கும் சில விநாடிகள் மட்டும் ஏற்றி, அடி சேர்ந்ததும் இறக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவாருங்கள். திறந்திருக்கும் மறு காதுக்கு இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் போடலாம். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. நிகழ்ச்சியை அதற்குள் முடித்துக்கொண்டால் காதுக்கும் ஓய்வு.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்?

எல்லோரிடமும் இரண்டு வாங்கப் பணம் இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் ஒரு நடுவழி. 45 மி.மீ. டிரைவர், 38 ஓம் என்பதால் போனிலும் மிக்ஸரிலும் நன்றாக ஓடும். கிண்ணம் 90 டிகிரி திரும்பும். கழற்றி மாட்டும் வயர் மூன்று பெட்டியிலேயே வரும். பேஸ் சற்று தூக்கல். ஆகவே அதை மட்டும் நம்பி மிக்ஸ் செய்தால் வெளியே ஸ்பீக்கரில் பேஸ் குறைந்து கேட்கலாம். பட்ஜெட் இன்னும் குறைவென்றால் அதே வரிசையில் எம்20எக்ஸ், எம்40எக்ஸ் இருக்கின்றன. எம்20எக்ஸில் வயர் கழறாது, கிண்ணமும் அப்படித் திரும்பாது. எனவே அது பதிவுக்கு மட்டும்.

முக்கியமாக மேடைதான், எப்போதாவது பதிவு என்றால் எச்டி 25 எடுத்து, பாடகர் வரும்போது யாரிடமாவது வேறொன்றை இரவல் வாங்குங்கள். முக்கியமாகப் பதிவு என்றால் டிஜே ஹெட்போன் பக்கமே போக வேண்டாம். பேஸ் ஊதிய ஹெட்போனைப் போட்டுக் கேட்கிறவர் பதிவில் இருக்கும் குறையைக் கண்டுபிடிக்க மாட்டார்.

கடையில் என்ன பார்ப்பது?

தலையில் மாட்டி, போனில் ஒரு பாட்டை வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக வையுங்கள். கூட வந்தவரின் போனை ஒலிப்பதிவில் போட்டு உங்கள் வாய்க்கு ஒரு சாண் முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். அரை நிமிடம் சும்மா நின்று, பிறகு அந்தப் பதிவைக் கேளுங்கள். எவ்வளவு கசிகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு, தோடு போடுபவர் தோடோடு சோதிக்க வேண்டும். குனிந்து, தலையை ஆட்டிப் பார்த்து நழுவுகிறதா என்றும் பாருங்கள்.

மேலே சொன்ன பிரபல மாடல்களுக்கெல்லாம் போலிகள் உலவுகின்றன. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றாலே சந்தேகப்படுங்கள். பில்லும், இந்தியாவில் செல்லும் வாரண்டியும் இல்லாமல் வாங்க வேண்டாம்.

லெதர் போன்ற குஷன் நம்மூர் வியர்வையில் செதில் செதிலாக உரியும். கோவைக்காவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உண்டு. ஈரோடு, கரூர் பக்கம் சித்திரை மாதத்தில் ஒரே நிகழ்ச்சியில் நனைந்துவிடும். உரிந்த குஷனில் இடுக்கு விழும். இடுக்கு விழுந்தால் பேஸும் போகும், கசிவும் வரும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்குகிறவர்களில் பலருக்குக் குஷனை மாற்றினாலே போதும். ஆகவே அந்த மாடலுக்கு உபரி குஷன் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். ஸ்டுடியோவிலும் டிஜே மிக்ஸரிலும் பெரும்பாலும் 6.35 மி.மீ. தடித்த பின்தான் செருக வேண்டியிருக்கும். பெட்டியில் வரும் அடாப்டர் திருகு வகையா, சும்மா செருகுவதா என்று பாருங்கள். திருகு வகைதான் மேடையில் நிற்கும். அதில் இன்னொன்று வாங்கிப் பையின் ஓரத்தில் போட்டு வையுங்கள். தொலைவது எப்போதும் அதுதான்.